சூடானதும் மேல் சிலிண்டரில் ஸ்பார்க் போய்விடுகிறது, பழைய அவுட்போர்டு மோட்டார் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நானும் கணவரும் படகின் பின்புறம் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டார்களைத் தேடிப்பிடித்து, பிரித்து மறுபடி ஓட வைக்கிறவர்கள். கார்புரேட்டர், கியர் எல்லாம் அவர், ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ என் பக்கம்.

இப்போது கையில் இருப்பது 1956 ஜான்சன் சீ ஹார்ஸ், 5.5 குதிரைசக்தி, இரண்டு சிலிண்டர். ஆறியிருக்கும்போது இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொள்கிறது, தண்ணீர்த் தொட்டியில் பத்து நிமிடம் அருமையாக ஓடுகிறது, அப்புறம் மேல் சிலிண்டர் விட்டுவிட்டு அடித்து நின்றுபோகிறது. உடனே பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஸ்பார்க் மங்கலான மஞ்சள், சில இழுப்புக்கு அதுவும் இல்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் பழையபடி நீலமாக வருகிறது.

மேக்னெட்டோவை மூடியிருக்கும் ஃப்ளைவீலைப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) வைத்துத்தான் எடுத்தோம் (சுத்தியலால் தட்டி எடுக்காதீர்கள், கிராங்க் ஷாஃப்ட் கெட்டுவிடும்). பாயின்ட் (மின்சுற்றைத் திறந்து மூடும் முனைகள்) இடைவெளி இரண்டிலும் 0.020 அங்குலம், கண்டென்சர்கள் புதிது. மேல் சிலிண்டரின் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலின் உறையில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல், நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது. இத்தனை வருஷம் சூட்டையும் ஈரத்தையும் தாங்கிய பொருள், விரியத்தான் செய்யும்.

சரி, காயில்தான் காரணம் என்று முடிவுக்கு வரலாமா? சூடான நிலையிலேயே சோதிக்க வழி உண்டா? கீழ் காயில் நன்றாக இருக்கிறது, அசலை முடிந்தவரை காப்பாற்ற வேண்டும் என்கிறார் அவர், எனக்கோ இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்று படுகிறது. இதே மாடலில் கைவைத்தவர்கள் என்ன செய்தீர்கள்?