ஏ வகை விண்மீன்கள்: டெஸ் தரவில் கடப்புப் பள்ளம் காணாமல் போகிறது, என்ன செய்யலாம்?

ஈசூன்வாசி:
வணக்கம். சூரியனைவிட எடை கூடிய ஏ வகை விண்மீன்களை ஒட்டிச் சுற்றும் கோள்களை, நாசாவின் டெஸ் விண்வெளித் தொலைநோக்கியின் தரவில் தேடுகிறேன். கோள் தன் விண்மீனின் முன்னால் செல்லும் கடப்பின்போது ஒளி சற்றுக் குறைந்து, ஒளிவளைவில் (ஒளி நேரத்தோடு மாறுவதைக் காட்டும் வரைபடம்) பள்ளம் விழும். சோதனைக்கு, கோள் உள்ளதென்று தெரிந்த கெல்ட்-9 விண்மீனை எடுத்துப் பார்த்தேன். 1.48 நாளுக்கு ஒரு கடப்பு வர வேண்டும். விண்மீனின் மெதுவான ஏற்ற இறக்கத்தை நீக்க ஒளிவளைவைச் சமப்படுத்தியதும் பள்ளம் சிதைந்துவிடுகிறது. வாஸ்ப்-33 என்ற இன்னொரு விண்மீனில் எது கடப்பு, எது விண்மீனின் துடிப்பு என்றே பிரிக்க முடியவில்லை. அத்துடன், 8 அங்குலத் தொலைநோக்கியால் சிங்கப்பூரிலிருந்து ஒரு கடப்பைப் பதிவு செய்ய முடியுமா?

ஒளிவளைவு:
சாளர அளவுதான் (ஒரு நேரத்தில் சேர்த்துச் சமப்படுத்தும் புள்ளிகளின் எண்ணிக்கை) காரணம். லைட்கர்வ் என்ற பைத்தான் நிரலகத்தின் பிளாட்டன் (சமப்படுத்தும்) கட்டளைக்கு நாம் எதுவும் கொடுக்காவிட்டால் 101 புள்ளிகள். 2 நிமிடத் தரவில் அது 3 மணி 22 நிமிடம். கெல்ட்-9இன் கோளான கெல்ட்-9பி கடந்து முடிக்க ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகும். சாளரத்தைவிடப் பள்ளம் அகலமானால் அதையும் விண்மீனின் மெதுவான ஏற்ற இறக்கமாக எண்ணி வழித்துவிடும். கடப்பு நேரத்தைப்போல் மூன்று மடங்காவது வையுங்கள்: 12 மணி நேரம், 361 புள்ளிகள். ஒற்றைப்படை எண்ணாக இருக்க வேண்டும்.

பெட்டி வடிவப் பள்ளங்களைத் தேடும்போது கடப்பு நேரத்தை 0.1 முதல் 0.25 நாள் வரை கொடுங்கள். ஆழத்தையும் குறைத்தே எதிர்பாருங்கள். வியாழன் அளவுக் கோள் சூரியனில் 1 விழுக்காடு மறைக்கும். இருமடங்கு ஆரமுள்ள விண்மீனில் 0.25 விழுக்காடுதான்.

நிறமாலை_ரசிகர்:
361 என்பது துடிக்காத விண்மீனுக்குச் சரி, வாஸ்ப்-33க்குப் போதாது. அது டெல்டா ஸ்கூட்டி என்னும் வேகமாகத் துடிக்கும் வகை; ஒரு கடப்புக்குள்ளேயே இரண்டு மூன்று முறை ஏறி இறங்கும். முதலில் கடப்பு நேரங்களை மறைத்துவிட்டு, மீதித் தரவில் லோம்ப்-ஸ்கார்கிள் (துடிப்பின் அதிர்வெண்களைக் கண்டறியும் கணக்கு) ஓட்டி, வலுவான அதிர்வெண்ணை சைன் அலையாகப் பொருத்திக் கழியுங்கள். எஞ்சிய உச்சம் இரைச்சலைப்போல் 4 மடங்குக்குக் கீழே போகும்வரை தொடருங்கள். சுற்றுக்கால அதிர்வெண்ணின் முழு மடங்குகளை மட்டும் தொடாதீர்கள், பள்ளத்தின் ஆழமே குறைந்துபோகும்.

புதிய கோள் போலத் தெரிந்தால் ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் கடப்புகளின் ஆழத்தை ஒப்பிடுங்கள். வேறுபட்டால் அது ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன். டெஸ்ஸின் ஒரு பிக்சல் 21 வில்விநாடி என்பதால் பக்கத்து விண்மீனின் ஒளியும் உள்ளே கலக்கும். ஆனால் இரண்டாம் பள்ளம் தெரிந்தவுடன் தள்ளிவிடாதீர்கள்: கெல்ட்-9பியின் பகல் பக்கம் சுமார் 4,600 கெல்வின், அது விண்மீனுக்குப் பின்னால் மறைவதும் பள்ளமாகத் தெரியும். கோளின் எடையை ஆரத்திசைவேகத்தால் (கோளின் இழுப்பில் விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் நகரும் வேகம்) அளப்பது இங்கே கடினம். இவை வேகமாகச் சுழல்வதால் நிறமாலைக் கோடுகள் அகன்று கிடக்கும். அதனால்தான் 2010ல் வாஸ்ப்-33பியை டாப்ளர் டோமோகிராபியால் (கடக்கும் கோளின் நிழல் நிறமாலைக் கோட்டில் நகர்வதைப் பின்தொடரும் முறை) உறுதி செய்தார்கள்.

தோபாயோ_வான்:
சிங்கப்பூரிலிருந்து 8 அங்குலத்தாலும் கடப்பைப் பதிவு செய்ய முடியும். ஆனால் கெல்ட்-9 வேண்டாம், நம் வானில் 51 பாகைக்கு மேல் ஏறாது. வாஸ்ப்-189 விண்மீனைப் பிடியுங்கள்: ஒளியளவு 6.6, மே மாத நள்ளிரவில் ஏறக்குறைய உச்சியில். ஆழம் 0.5 விழுக்காடு, கடப்பு 4.3 மணி நேரம். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சேர்த்துப் படமெடுங்கள். வீவக (அரசு அடுக்குமாடி வீடு) தாழ்வாரத்திலிருந்து உச்சி தெரியாது, திறந்தவெளி வேண்டும்.

60 விநாடிப் படத்தில் காற்றின் மினுமினுப்பு மட்டுமே சுமார் 0.1 விழுக்காடு; பத்துப் படங்களைச் சராசரி எடுத்தால் மூன்றில் ஒரு பங்காகும். விண்மீன் பிரகாசமானது என்பதால் ஃபோகஸைச் சற்றுக் கலைத்து வையுங்கள், இல்லையேல் பிக்சல் நிரம்பிவிடும். சிவப்பு வடிகட்டி போடுங்கள். இது நீல விண்மீன், ஒப்பீட்டு விண்மீன்கள் பெரும்பாலும் சிவந்தவை. வடிகட்டி இல்லாவிட்டால் உயரம் மாற மாற வளைவு சாயும்.

தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்ட்தான் பெரிய தலைவலி. நம் அட்சரேகை 1.3 பாகை. பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்க வேண்டிய பல ஈக்குவடோரியல் மவுண்ட்கள் அவ்வளவு தாழாது, எதிர் எடை முக்காலியில் இடிக்கும். துருவ விண்மீனும் தெரியாது, டிரிஃப்ட் முறையில்தான் (விண்மீன் மெல்ல விலகுவதைப் பார்த்து) சீரமைக்க வேண்டும். விண்மீன் உச்சிக்கோட்டைத் (வானின் வடக்கு-தெற்கு நடுக்கோடு) தாண்டும்போது மவுண்ட் புரளும். அது கடப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ விழாத இரவாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.