43ஆ 55ஆ? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், அவசரம்

வடுவூர்ப்பறவை:
வணக்கம் நண்பர்களே. வீட்டுக்கு டிவி வாங்க வேண்டும். 43 நல்லதா 55 நல்லதா? எல்லோரும் 4கே தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். கடையில் க்யூஎல்இடி என்று ஒன்றைக் காட்டினார்கள், பளிச்சென்று சூப்பராக இருந்தது, ஆனால் எங்கள் மாமா வீட்டில் போன தீபாவளிக்கு 55 வாங்கி மாட்டினார்கள், அதில் சீரியல் போட்டால் எல்லாம் பிசிறு பிசிறாகத் தெரிகிறது, பழைய டப்பா டிவியே தேவலை என்று அத்தை புலம்பிக்கொண்டே இருக்கிறார். அதனால்தான் பயமாக இருக்கிறது. ஆஃபர் ஞாயிறு வரைதான். எந்த பிராண்டு, எத்தனை இன்ச் என்று மட்டும் சொன்னால் போதும்.

ஈரோட்டான்:
பட்ஜெட் எவ்வளவு? உட்காரும் இடத்துக்கும் டிவிக்கும் எத்தனை அடி? கேபிளா, டிஷ்ஷா, வெறும் நெட்டா? இது எதுவும் சொல்லாமல் பிராண்டு கேட்டால் ஆளாளுக்கு அவரவர் வீட்டில் இருப்பதைத்தான் சொல்வார்கள்.

நைட்ஷிப்ட்:
55 எடுங்கள் ப்ரோ, யோசிக்கவே வேண்டாம். எவ்வளவு பெரிதாக வாங்கினாலும் கொஞ்ச நாளில் கண்ணுக்குப் பழகிவிடும். முடிந்தால் ஓஎல்இடிக்குப் போங்கள். அதில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக அணையும், கறுப்பு என்றால் நிஜமாகவே கறுப்பு. க்யூஎல்இடி என்பது பின்னால் விளக்கு எரிகிற அதே எல்சிடிதான், வண்ணம் நன்றாக வர நடுவில் குவாண்டம் டாட் படலம் ஒன்று சேர்த்திருப்பார்கள். பெயர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

பிக்சர்டியூப்:
இந்தக் கேள்வி இங்கே வராத வாரமே இல்லை. தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது, பதில் மட்டும் தட்டில் வைத்து வேண்டும். முதலில் ஒன்று, 55 இன்ச் என்பது மூலைக்கு மூலை அளப்பது, அகலம் அல்ல. அகலம் சுமார் 4 அடி. இதுவே பாதிப் பேருக்குத் தெரியாது. இரண்டாவது, பார்வை நன்றாக இருப்பவருக்கே 43 இன்ச் திரையில் ஐந்தரை அடிக்கு அப்பால் போனால் ஃபுல் எச்டிக்கும் அதைவிட நாலு மடங்கு புள்ளி உள்ள 4கேக்கும் வித்தியாசம் தெரியாது, 55க்கு அந்தத் தூரம் ஏழு அடி சொச்சம். பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டு 4கே, 4கே என்று குதிப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

நைட்ஷிப்ட்:
@பிக்சர்டியூப் கணக்கு சரிதான் சார், ஆனால் கடைக்குப் போய் 55 இன்ச்சில் ஃபுல் எச்டி கேட்டுப் பாருங்கள். 43க்கு மேலே வருவதெல்லாம் 4கே தான். வேறு வழியில்லாத இடத்தில் கணக்குப் போட்டு என்ன ஆகப் போகிறது?

சால்டரிங்_சாமி:
சர்வீஸ் வேலையில் இருக்கிறேன், அதனால் மாமா வீட்டு டிவியைப் பற்றிச் சொல்கிறேன். அந்த டிவியில் கோளாறு எதுவும் இருக்காது. சாதாரண எஸ்டி, அதாவது எச்டி அல்லாத கேபிள் பாக்ஸ் கொடுக்கிற படம் 720க்கு 576, அதாவது நாலு லட்சத்துச் சொச்சம் புள்ளி. 4கே திரையில் இருப்பது 3840க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். வகுத்துப் பாருங்கள், சரியாக 20 மடங்கு. வருகிற ஒரு புள்ளியை இருபதாக இழுத்துப் போட்டால் பிசிறாமல் என்ன செய்யும்? பழைய 21 இன்ச் டப்பாவில் அந்தப் படம் சின்னதாக இருந்தது, ட்யூபும் கொஞ்சம் மழுப்பிவிடும், அதனால் குறை தெரியவில்லை.

மாமாவிடம் பாக்ஸுக்குப் பின்னால் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வயர் செருகியிருந்தால் நான் சொன்னதுதான் விஷயம். ஆப்பரேட்டரிடம் சொல்லி எச்டி பாக்ஸ் வாங்கி, எச்டிஎம்ஐ வயரில் கொடுத்து, பாக்ஸ் செட்டிங்கில் அவுட்புட்டை 1080i என்று வைக்க வேண்டும். அதோடு விடாமல் எச்டி சேனலையும் பேக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். எச்டி பாக்ஸை வைத்துக்கொண்டு பழைய நம்பரிலேயே எஸ்டி சேனல் பார்க்கிற வீடு நிறையப் பார்த்திருக்கிறேன். சன் டிவி எச்டி 2011லேயே வந்துவிட்டது, இன்னும் பாதி வீட்டில் அது எந்த நம்பர் என்றே தெரியாது.

லைன்மேன்_மகன்:
எந்த டிவி வாங்கினாலும் ஸ்டெபிலைசர் போடாமல் ஆன் செய்யாதீர்கள். எல்லோரும் இன்ச் பற்றிப் பேசுகிறார்கள், கரண்ட் பற்றி ஒருவரும் பேசவில்லை.

வடுவூர்ப்பறவை:
பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. டிவி எனக்கு இல்லை, ஊரில் அப்பா அம்மாவுக்கு, மன்னார்குடி பக்கம். நான் சென்னையில் இருக்கிறேன். கேபிள்தான். தூரம் ஒரு 9 அடி இருக்கும். பட்ஜெட் 45 ஆயிரம் வரை. இப்போதைக்கு 55 பக்கம்தான் மனது போகிறது.

ஈரோட்டான்:
யாருக்கு என்பதைத்தானே தம்பி முதலில் சொல்லியிருக்க வேண்டும்! 45 ஆயிரத்துக்கு ஓஎல்இடி கிடையாது, அந்தப் பேச்சை விட்டுவிடலாம். அப்பா என்ன பார்ப்பார், அம்மா என்ன பார்ப்பார், நெட் இருக்கிறதா, ஜன்னல் டிவிக்கு எதிரில் இருக்கிறதா, பக்கவாட்டில் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டு யாராவது பார்ப்பார்களா?

கடைசிக் கேள்வி விளையாட்டுக்குக் கேட்டதல்ல. எல்சிடி பேனலில் ஐபிஎஸ், விஏ என்று இரண்டு ஜாதி உண்டு. ஐபிஎஸ்ஸைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக வெளுக்காது, ஆனால் இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும், கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், 1000க்கு 1 அளவில்தான் இருக்கும். விஏவில் அது 3000, 4000, 5000 என்று போகும், கறுப்பு நன்றாக இருக்கும், நேராக உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஹாலில் ஆளுக்கொரு மூலையில் உட்காரும் வீட்டுக்கு ஐபிஎஸ், விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பவருக்கு விஏ. அட்டைப் பெட்டியில் இதைப் போட மாட்டார்கள். கடையில் ஓரமாக நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

சால்டரிங்_சாமி:
@லைன்மேன்_மகன் இப்போது வருகிற டிவி எல்லாம் எஸ்எம்பிஎஸ் சப்ளை, வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் அதுவே சமாளித்துக்கொள்ளும். பின்னால் ஸ்டிக்கரைப் படியுங்கள், பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் என்றே போட்டிருக்கும். 150க்கு இறங்கினாலும் ஓடும். ஸ்டெபிலைசர் டப்பா டிவிக் காலத்துச் சமாசாரம்.

லைன்மேன்_மகன்:
240க்கு மேலே போனால்? எங்கள் அப்பா 30 வருஷம் கம்பம் ஏறினவர். கிராமத்தில் லைனில் நியூட்ரல் வயர் அறுந்தது என்றால் வீட்டுக்குள் 400 வோல்ட் பக்கமாக வரும், ஒரே தெருவில் நாலு டிவி போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்கள் ஸ்டிக்கர் வந்து காப்பாற்றுமா?

சால்டரிங்_சாமி:
அது வேறு விஷயம். அதற்குத் தேவை வோல்டேஜ் எகிறினால் கரண்டைத் துண்டிக்கிற ஹை வோல்டேஜ் கட்ஆஃப். வோல்டேஜை ஏற்றி இறக்குகிற வேலை டிவிக்குத் தேவையில்லை என்றுதான் சொன்னேன்.

லைன்மேன்_மகன்:
நல்ல ஸ்டெபிலைசரில் அந்த கட்ஆஃப் இருக்கிறது. அப்போது நான் சொன்னதும் நீங்கள் சொல்வதும் ஒன்றுதானே?

பிக்சர்டியூப்:
ஒன்றல்ல. அடிப்படை மின்னியல் தெரியாமல் இந்த விவாதத்துக்கு வரக்கூடாது. கட்ஆஃப் ரிலே விழுவதற்குள் போவது போய்விடும். சர்ஜ் புரொடக்டர்தான் சரி.

சால்டரிங்_சாமி:
சார், சர்ஜ் புரொடக்டரில் இருக்கிற எம்ஓவி என்கிற பாகம் கண நேரத்துக்கு வருகிற ஸ்பைக்கைத் தாங்கும். நியூட்ரல் போய் நிமிஷக் கணக்கில் 400 வோல்ட் நின்றால் அதுதான் முதலில் கருகும். நான் மாற்றிப் போடுகிற போர்டில் பாதி கரண்டால் போனதே இல்லை, இடி இடிக்கும்போது கேபிள் வயர் வழியாக வந்து எச்டிஎம்ஐ போர்ட்டை அடித்தது. மழை வந்தால் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டுக் கேபிளை அப்படியே விடுகிறார்கள்.

சீரியல்_ரசிகை:
ஆளுக்கு ஆள் கரண்ட் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். தம்பி, ஊர் வீட்டில் டிவியை எங்கே வைக்கப் போகிறீர்கள்? சுவரில் மாட்டவா, இல்லை ஷோகேஸா?

லைன்மேன்_மகன்:
பாதி போர்டு இடியால் போகிறது என்றால் மீதிப் பாதி எதனால் போகிறது? அதையும் சொல்லுங்கள்.

நைட்ஷிப்ட்:
கரண்ட் பஞ்சாயத்தைத் தனியாக வைத்துக்கொள்ளலாமே. @வடுவூர்ப்பறவை கடையில் பளிச்சென்று தெரிந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். அங்கே ஓடுவது கம்பெனி கொடுத்த 4கே டெமோ. கிளி, பழம், பனிமலை என்று எடுத்து வைத்திருப்பார்கள், படமும் விவிட் மோடில் இருக்கும். ஒரு பென்டிரைவில் பழைய படப்பாட்டு ஒன்றும், இருட்டான காட்சி உள்ள படம் ஒன்றும் போட்டுக்கொண்டு போய் ஓட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் அடுத்த கடை. எச்டிஆர் ஸ்டிக்கரையும் நம்ப வேண்டாம், இந்த விலையில் வருகிற டிவிகளுக்கு வெளிச்சம் 250, 300 நிட்ஸ்தான், எச்டிஆர் படம் ஓடும், ஆனால் அதன் பளிச்சைக் காட்ட வெளிச்சம் இருக்காது. டால்பி விஷன் என்கிற எச்டிஆர் வகை வேண்டும் என்று ஆசைப்பட்டால் சாம்சங்கில் கிடையாது, அவர்கள் எச்டிஆர்10 பிளஸ் பக்கம். உங்கள் அம்மாவுக்கு இரண்டும் தேவைப்படாது என்பது வேறு விஷயம்.

ஈரோட்டான்:
ஆஃபர் பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22லிருந்து 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 ஆகிவிட்டது. வரிக்கு முன் 30,000 என்றால் 38,400க்கு விற்றது 35,400க்கு வர வேண்டும். அந்த மூவாயிரத்தை ‘எங்கள் கடைத் தள்ளுபடி’ என்று எழுதி வைத்திருந்தால் சிரித்துவிட்டு மேலே பேரம் பேசுங்கள். 32க்கும் அதற்குக் கீழேயும் முன்பிருந்தே 18தான். இன்னொன்று, ஞாயிறோடு முடிகிற ஆஃபர் திங்கட்கிழமை வேறு பெயரில் வரும், பதறாதீர்கள்.

பிக்சர்டியூப்:
இன்னும் ஒருவரும் மோஷன் ஸ்மூத்திங் பற்றிச் சொல்லவில்லை, ஆச்சரியம். டிவியை மாட்டியதும் முதல் வேலையாக அதை அணைக்க வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த சினிமாவுக்கு நடுவே இல்லாத ஃபிரேமைச் செருகி மெகா சீரியல் மாதிரி ஆக்கிவிடும்.

சீரியல்_ரசிகை:
அவர் வீட்டில் பார்ப்பதே மெகா சீரியல்தான் சார். தம்பி, ஷோகேஸா என்று கேட்டேனே?

வடுவூர்ப்பறவை:
ஆமாம் அக்கா, ஷோகேஸ்தான். தேக்கில் செய்தது, நடுவில் டிவிக்கு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை எடுக்கவோ அறுக்கவோ அப்பா விடமாட்டார், சுவரில் ஆணி அடிக்கவும் விடமாட்டார். இப்போதுதான் போன் செய்து அளக்கச் சொன்னேன். அகலம் 40 இன்ச், உயரம் 28.

நைட்ஷிப்ட்:
😂😂

ஈரோட்டான்:
முடிந்தது கதை. 55க்கு அகலமே 48 இன்ச். 43 என்றால் முப்பத்தேழரைக்குப் பக்கம், உள்ளே போகும். இரண்டு பக்கமும் ஒரு விரலுக்குச் சற்று மேல் இடம் இருக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். மாடலுக்கு மாடல் சில மில்லிமீட்டர் மாறும், வாங்குவதற்கு முன் ஸ்டாண்டோடு சேர்த்த உயரத்தையும் பாருங்கள்.

சால்டரிங்_சாமி:
கட்டத்தின் பின்பக்கம் பலகை அடித்து மூடியிருந்தால் வயர் நுழையும் அளவுக்கும் சூடு வெளியேறும் அளவுக்கும் துளை போடச் சொல்லுங்கள், ஆசாரி கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார். எச்டிஎம்ஐ ஓட்டை பக்கவாட்டில் இருக்கிற மாடலாக இருந்தால் அந்த ஒரு விரல் இடத்தில் வயரை வளைக்க முடியாது, முதலில் வயரைச் செருகிவிட்டுத்தான் டிவியை உள்ளே தள்ள வேண்டும். பின்பக்கமாகவோ கீழ்ப்பக்கமாகவோ இருப்பது உங்களுக்கு நல்லது. 43 4கே உங்கள் பட்ஜெட்டுக்குள் தாராளமாக வரும். மிச்சப் பணத்தில் எச்டி பாக்ஸ் போடுங்கள், அதுதான் கண்ணுக்குத் தெரியும். யூடியூப் பார்ப்பார்கள் என்றால் ரேம் 2 ஜிபி இருப்பதாக எடுங்கள், ரிமோட்டில் பேசினால் தேடுகிற மைக் இருக்கட்டும். தமிழில் சொன்னால் புரிந்துகொள்கிறதா என்று கடையிலேயே பேசிப் பாருங்கள், புரிந்தால் அம்மா டைப் அடித்துக்கொண்டிருக்க வேண்டாம். பிராண்டைவிட மன்னார்குடிக்கு ஆள் அனுப்புகிற சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். தஞ்சாவூரிலிருந்து வந்தாலும் பரவாயில்லை, திருச்சி என்றால் கொஞ்சம் யோசிக்கலாம்.

பிக்சர்டியூப்:
நான் முதலிலேயே அகலம் 4 அடி என்று எழுதியிருந்தேன். யாரும் படிப்பதில்லை.

லைன்மேன்_மகன்:
ஸ்டெபிலைசரை அந்த ஷோகேஸின் கீழ்த்தட்டில் வைத்துக்கொள்ளலாம், இடமும் ஆச்சு.

சால்டரிங்_சாமி:
விடமாட்டீர்கள் போல. சரி, வையுங்கள், ஹை கட்ஆஃப் இருப்பதாகப் பார்த்து வையுங்கள்.

வடுவூர்ப்பறவை:
43 வாங்கியாச்சு, ஊரிலேயே ஒரு கடையில். கட்டத்துக்குள் சரியாக உட்கார்ந்தது. கேபிள்காரர் எச்டி பாக்ஸ் அடுத்த வாரம் என்கிறார், இப்போதைக்குப் பழைய பாக்ஸ்தான். படம் பரவாயில்லை, ஆனால் எல்லோர் முகமும் அகலமாகத் தெரிகிறது என்று அம்மா சொல்கிறார். பேனல் கோளாறா?

சால்டரிங்_சாமி:
இல்லை. பாக்ஸ் 4க்கு 3 அளவில் கொடுப்பதை டிவி 16க்கு 9ஆக இழுக்கிறது. டிவி செட்டிங்கில் பிக்சர் சைஸ் அல்லது ஆஸ்பெக்ட் ரேஷியோ என்று இருக்கும், அதை 4:3 ஆக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், எச்டி பாக்ஸ் வரும்வரை அப்படியே இருக்கட்டும். பாக்ஸ் வந்ததும் மறக்காமல் 16:9க்கு மாற்றுங்கள்.

ஈரோட்டான்:
எந்த மாடல் வாங்கினீர்கள், என்ன விலை என்று சொன்னால் இதே கேள்வியோடு அடுத்து வருபவருக்கு உதவியாக இருக்கும்.

சீரியல்_ரசிகை:
மாமா வீட்டில் எந்த வயர் இருந்ததாம்? அதையும் சொல்லிவிட்டுப் போங்கள் தம்பி.

ஈரோட்டான்:
@வடுவூர்ப்பறவை இருக்கிறீர்களா?