கொண்டைக் கோழிக் குஞ்சை மட்டும் பருந்து தூக்குகிறது, என்ன செய்யலாம்?

தென்னந்தோப்பு (கேள்வி):
வணக்கம் நண்பர்களே. எனக்கு ஒட்டன்சத்திரம் பக்கம். நாட்டுக்கோழிகளோடு கொஞ்சம் போலிஷ் கேப் கொண்டைக் கோழியும் வளர்க்கிறேன். அது ஒழுங்காக அடையில் உட்காருவதில்லை, அதனால் முட்டையை நாட்டுக்கோழிக்கு வைத்துத்தான் பொரிக்க வைக்கிறேன். பொரிப்பில் குறையே இல்லை. பஞ்சாரத்தை விட்டு வெளியே விட்டு, கொண்டை நன்றாக முளைத்து முகத்தில் விழும் பருவம் வந்ததும்தான் தலைவலி. ஒரே தாயோடு நாட்டுக் குஞ்சும் கொண்டைக் குஞ்சும் கலந்துதான் மேய்கின்றன, ஆனால் பருந்து தூக்குவது எல்லாம் கொண்டைக் குஞ்சைத்தான். தாய் குரல் கொடுத்ததும் மற்றதெல்லாம் செடிக்குள் ஓடிவிடுகிறது, இது மட்டும் வெட்டவெளியில் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறது. பழைய சிடி கட்டித் தொங்கவிட்டேன், முதலில் பருந்து பயந்தது, இப்போது அந்தக் கம்பத்திலேயே வந்து உட்காருகிறது. போன வாரம் வளர்ந்த பெட்டை ஒன்றும் செத்துக் கிடந்தது. அதுவும் பருந்து வேலைதானா?

மலையடிவாரம்:
பெட்டை செத்தது பகலிலா ராத்திரியிலா? எங்கே கிடந்தது, எந்த இடத்தைத் தின்றிருக்கிறது? அதைச் சொல்லுங்கள் முதலில். பருந்து குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விடும், தடயமே இருக்காது.

தென்னந்தோப்பு:
காலையில் பார்த்தேன் அண்ணா, வேப்பமரத்தடியில். தலையும் கழுத்தும் இல்லை, உடம்பு அப்படியே கிடந்தது. அந்தப் பெட்டை பொழுது சாய்ந்தால் கூண்டுக்கு வராது, மரத்திலேதான் அடையும்.

மலையடிவாரம்:
அப்படியானால் பருந்து இல்லை தம்பி. பருந்து பகல் வேட்டைக்காரன். ராத்திரி மரத்தில் அடைந்த கோழியின் தலையை மட்டும் தின்றால் கொம்பன் ஆந்தை, இல்லாவிட்டால் மரநாய். மரத்தடியில் வெள்ளை எச்சமும் எலும்பும் முடியும் உருண்டையாகக் கக்கியதும் கிடக்கிறதா என்று பாருங்கள், கிடந்தால் ஆந்தை. எதுவாக இருந்தாலும் மருந்து ஒன்றுதான், இருட்டுவதற்கு முன்னால் கூண்டில் அடைத்துக் கதவைத் தாழ் போடுங்கள். கொண்டைக் கோழிக்கு இருட்டில் வழியே தெரியாது, நீங்களே பிடித்துத்தான் உள்ளே விட வேண்டும்.

கொண்டைப் பைத்தியம்:
குஞ்சு விஷயத்துக்கு வருகிறேன். சேவலோ தாயோ வானத்தில் பருந்தைப் பார்த்தால் கொடுக்கும் குரல் வேறு, நாய் பூனைக்குக் கொடுக்கும் குரல் வேறு. உங்கள் குஞ்சுக்கும் அது புரிகிறது, அதனால்தான் தலையைச் சாய்க்கிறது. ஆனால் கொண்டை கண்ணை மறைப்பதால் மேலேயும் தெரியாது, பக்கத்திலும் தெரியாது, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றுவிடும். கண்ணைச் சுற்றி இருக்கும் இறகைக் கத்தரித்துவிடுங்கள். சாயங்காலம் கோழி அடங்கிய பிறகு ஒருவர் துணியில் சுற்றிப் பிடிக்க, இன்னொருவர் முனை மழுங்கிய கத்தரியால் வெட்டலாம். புதிதாக முளைக்கும் இறகின் தண்டு நீலமாக இருக்கும், அதை வெட்டவே கூடாது, உள்ளே ரத்தம் ஓடும், வெட்டினால் நிற்காமல் கசியும். இறகு உதிர்ந்து மறுபடி முளைத்ததும் திரும்ப வெட்ட வேண்டியிருக்கும். அழகு போய்விடுமே என்று சிலர் தயங்குவார்கள், கோழியே போன பிறகு அழகை வைத்து என்ன செய்ய. வெட்டும்போதே கொண்டைக்குள் பேன் இருக்கிறதா என்றும் விரித்துப் பாருங்கள், இந்த வகைக்கு அங்கேதான் அதிகம் சேரும்.

இன்னொன்று, இதன் மண்டை ஓடு உச்சியில் புடைத்திருக்கும், சின்ன வயதில் எலும்பு சரியாக மூடாமல் ஓட்டை இருக்கும். மற்ற கோழி உச்சியில் ஒரு கொத்து கொத்தினாலே குஞ்சு சாகலாம். நாட்டுக்கோழிக் கூட்டத்தோடு கலந்து விடுவதே எனக்குப் பிடிக்காது.

பழனிரோடு:
எதற்கு இவ்வளவு யோசனை? செத்த குஞ்சில் குருணைப் பூச்சிமருந்து தடவி வரப்பில் போடுங்கள், ஒரே நாளில் வேலை முடிந்துவிடும்.

மலையடிவாரம்:
தயவுசெய்து இதை யாரும் செய்துவிடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பருந்தைக் கொல்வது குற்றம், வழக்கு வந்தால் ஜாமீனுக்கு அலைய வேண்டும். அதோடு மருந்து வைத்த குஞ்சை உங்கள் வீட்டு நாய்தான் முதலில் தின்னும்.

ஒரு விஷயம் பாருங்கள் தம்பி, பக்கத்தில் யாராவது கறிக்கடைக் கழிவைக் கொட்டுகிறார்களா? குடலும் தோலும் கிடக்கும் இடத்தில் பருந்து எப்போதும் வட்டமடிக்கும், அங்கிருந்து உங்கள் தோப்பு ஒரு எட்டுத்தான். ஊராட்சியில் சொல்லி அதை நிறுத்தினாலே பாதித் தொல்லை குறையும்.

வலைக்காரர்:
மேலே மூடாமல் எதுவும் நிலைக்காது. பருந்துக்கு மட்டும் என்றால் தூண்டில் நரம்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றரை அடி இடைவெளியில் கட்டினாலே போதும், அதன் சிறகு விரிப்பு நாலரை அடிக்கு மேல், நுழையப் பயப்படும். வைரி என்கிற வேட்டைப் பறவை இருந்தால் இந்த நரம்பு பத்தாது. வைரி சின்னது, மரத்துக்குள் ஒளிந்திருந்து பக்கவாட்டில் தாழப் பறந்து வந்து அடிக்கும். அதற்கு மேலேயும் சுற்றிலும் இரண்டு அங்குலக் கண் உள்ள தடித்த நைலான் வலை போடுங்கள். மெல்லிய மீன்வலை வேண்டாம், சாரைப்பாம்பு சிக்கிக்கொண்டு செத்துப்போகும். ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் ஜிஐ கம்பி இழுத்து அதன் மேல் வலையை விரித்தால் தொங்காது. பச்சை நிழல்வலையைக் கூரையாகப் போட்டுவிடாதீர்கள், ஆடிக் காற்றில் பாய்மரம் மாதிரி உப்பிக் கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

செங்காட்டு அக்கா:
எங்கள் அம்மா குஞ்சுக்கு ரோஸ் கலர்ப் பொடி பூசித்தான் விடுவார்கள், இன்றைக்கும் ஊரில் பலர் செய்கிறார்கள். கொஞ்ச நாள் பருந்து குழம்பும், அப்புறம் சிடி கதைதான். அதைவிட, கரிச்சான் (இரட்டைவால் குருவி) கூடு கட்டிய மரம் இருந்தால் வெட்டாதீர்கள், பருந்தை முதுகில் கொத்தியே விரட்டும். ஒரு ஜோடி கினிக்கோழியும் விடுங்கள், வானத்தில் நிழல் தெரிந்தாலே ஊரைக் கூட்டும். காது வலிக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

தென்னந்தோப்பு:
எல்லோருக்கும் நன்றி. கழிவு விஷயம் சரியாகச் சொன்னீர்கள் அண்ணா, குளக்கரையில் கொட்டுகிறார்கள், நாளைக்கே போய்ப் பேசுகிறேன். ஐந்து சென்ட் அளவுக்கு வலை போட்டு கொண்டைக் குஞ்சைத் தனியாக வளர்க்கப் போகிறேன், கண் பக்க இறகையும் வெட்டிவிடுகிறேன். ஒரே ஒரு சந்தேகம், மூன்று நான்கு மாதம் ஆனதும் மற்ற கோழியோடு வெளியே விடலாமா?

வலைக்காரர்:
ஒரு கிலோ தாண்டிய பெட்டையைப் பருந்தாலும் வைரியாலும் தூக்க முடியாது. ஆனால் நீங்கள் இருப்பது மலைக்குப் பக்கம், அங்கே ராஜாளி என்கிற பெரிய கழுகு வரும், அது வளர்ந்த கோழியையும் அடிக்கும். வலைக்குள்ளேயே அகத்தியும் முருங்கையும் நட்டுவிடுங்கள், நிழலும் ஆச்சு தீனியும் ஆச்சு. வெளியே விட்டே ஆக வேண்டும் என்றால் சாயங்காலம் நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் விடுங்கள்.