வீடு வரை வந்த வேலை

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக எனக்கு இது பதினோராவது ஆண்டு. முதல் நான்கு ஆண்டுகள் நிம்மதியாகத் தூங்கிய நினைவே இல்லை. கண் அசந்ததும் விழிப்பு வந்துவிடும்: மூன்றாம் படுக்கைக்காரருக்குச் சொட்டு மருந்தின் வேகத்தைக் குறைத்தேனா? எழுந்து வார்டுக்குப் போன் செய்வேன். "குறைத்துவிட்டுத்தானே போனாய், படு" என்பார்கள். பத்து நிமிடத்தில் இன்னொரு சந்தேகம் முளைக்கும்.

ஓய்வுபெறவிருந்த மூத்த செவிலியர் ஒருவர்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தார். ஷிப்ட் மாறும் முன் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள் என்றார். "செய்ததை எழுதாதே, அது பதிவேட்டில் இருக்கிறது. மிச்சம் வைத்ததை எழுது. அதை யார் செய்யப்போகிறார் என்று பக்கத்திலேயே போடு." முதல் வாரமே தூக்கம் திரும்பியது. முடிக்காத வேலைதான் முடித்ததைவிட மனத்தில் தங்குகிறது என்று புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-லேயே எழுதியிருப்பதைப் பின்னால் படித்தபோது, அந்த அக்காவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

தூக்கம் வந்த பிறகுதான் எதையாவது கற்கும் ஆசையே வந்தது. நாளுக்கு ஒரே ஒரு இசிஜி தாள், அதாவது இதயத்தின் மின்துடிப்பைக் கோடாக வரையும் தாள், அவ்வளவுதான். பி அலை (இதய மேலறைகளின் மின்துடிப்பு) தொடங்கும் இடத்திலிருந்து க்யூஆர்எஸ் (கீழறைகளின் மின்துடிப்பு) தொடங்கும் இடம் வரை சிறு கட்டங்களை எண்ணுவேன். கட்டம் ஒன்றுக்கு 0.04 வினாடி; மூன்று முதல் ஐந்து கட்டம் என்றால் இயல்பு. ஒரு நாள் எண்ணினேன், ஏழு வந்தது. மறுபடி எண்ணினேன், ஏழேதான். மருத்துவரிடம் காட்டினேன். அவர் தாளை வாங்கிப் பார்த்து, நாடித்துடிப்பைக் குறைக்கும் மாத்திரையின் அளவை அன்றே மாற்றினார். அந்த மகிழ்ச்சி இன்னும் என்னிடம் இருக்கிறது.

* * *

சகோதரி, நானும் பட்டியல் எழுதிப் பார்த்தவன். கணக்குப் பிரிவில் வேலை. எனக்குப் பட்டியல் உதவவில்லை, ஏனென்றால் மிச்சத்தை ஒப்படைக்க என் நாற்காலியில் அடுத்து உட்கார ஆள் கிடையாது. தியானம் செய், மூச்சைக் கவனி என்று எல்லாரும் சொன்னார்கள். செய்தேன், மறுநாள் அதே கோப்புகள் காத்திருந்தன. குறை என்னிடம்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். உலகச் சுகாதார நிறுவனம் பணிச்சோர்வை நோய் என்று வகைப்படுத்தவில்லை, வேலை சார்ந்த ஒரு நிலை என்றே வகைப்படுத்தியிருக்கிறது எனப் படித்த அன்றுதான் அந்த எண்ணம் தளர்ந்தது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் கூடுவதாக அதே நிறுவனம் 2021-இல் சொன்னதும் கண்ணில் பட்டது.

மூன்று வாரம் என் நேரத்தைக் குறித்தேன்: 61, 58, 63. புலம்பாமல் அந்தத் தாளை மட்டும் மேலாளர் முன் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். "இதில் எதை நிறுத்தலாம், நீயே சொல்" என்றார். இரண்டு அறிக்கைகளைச் சொன்னேன். ஒன்றை யாருமே படிப்பதில்லை என்று அன்று மாலை தெரிந்தது.