ஏ.சி.எல். விசை 600 நியூட்டன்: எங்கே தப்பு?

கீல்:
ஓப்பன்சிம்மில் (உடல் அசைவையும் விசையையும் கணக்கிடும் மென்பொருள்) ஒரு முழங்கால் மாதிரி செய்கிறேன். ஏ.சி.எல்.லை, அதாவது முழங்காலுக்குள் எலும்புகளை இணைக்கும் முன் சிலுவை லிகமென்டை, முன்-உள் கற்றை, பின்-வெளிக் கற்றை என்று இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சாதாரண ஸ்பிரிங்காக வைத்திருக்கிறேன். விறைப்பு 5000 நியூட்டன், அதாவது 1 சதவீதத் திரிபுக்கு (நீளம் 1 சதவீதம் கூடினால்) 50 நியூட்டன். காலில் எந்தச் சுமையும் இல்லை. ஆனாலும் காலை முழுக்க நீட்டினால் பின்-வெளிக் கற்றையில் 600 நியூட்டன்! மடக்க மடக்கக் குறைந்து 90 டிகிரியில் பூஜ்யம். விறைப்பை 2000 ஆக்கினால் வரைபடம் அழகாகிவிடுகிறது, ஆனால் மனசு ஒப்பவில்லை.

அரைவட்டம்:
ஒப்பாததுதான் நல்லது, விறைப்பைத் தொடாதீர்கள். தளர்வு நீளத்தை, அதாவது கற்றை இழுபடத் தொடங்கும் நீளத்தை, எங்கிருந்து எடுத்தீர்கள்?

கீல்:
90 டிகிரியில் இரு முனைகளுக்கும் இடையே அளந்தேன், 25 மி.மீ. நீட்டினால் 28.

அரைவட்டம்:
அங்கேதான் வினை. மடக்கிய காலில் அந்தக் கற்றை தொய்ந்து கிடக்கும். தொய்ந்த கொடிக்கயிற்றின் நீளத்தைக் கம்பத்துக்குக் கம்பம் அளந்து எழுதிவிட்டீர்கள். 90இல் பூஜ்யம் வந்ததும் நீங்களே வைத்ததுதான்.

நீட்டிய நிலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். அங்கே 5 சதவீதத் திரிபு என்று ஒரு தொடக்க ஊகம்: 28 ÷ 1.05 = 26.7 மி.மீ. அப்புறம் நேர்கோட்டு ஸ்பிரிங்கையும் விட்டுவிடுங்கள். கொலாஜன் இழைகள் அலையலையாகச் சுருண்டிருக்கும், அவை நிமிரும்வரை விசை மெதுவாகத்தான் ஏறும். பிளாங்கவோர்ட், ஹைஸ்கஸ் என்ற ஆய்வாளர்களின் 1991 வாய்பாட்டில் 6 சதவீதம் வரை விசை திரிபின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதற்குமேல்தான் நேர்கோடு. ஓப்பன்சிம் 4இல் அதுவே ஒரு லிகமென்ட் வகையாக இருக்கிறது.

நூலேணி:
கற்றையின் முனைகளை எம்.ஆர்.ஐ. படத்தில் குறித்திருந்தால், பட அடுக்கின் தடிமனையும் பாருங்கள். 25 மி.மீ. கற்றையில் இணைப்புப் புள்ளி இழையின் திசையில் 1 மி.மீ. தள்ளிப்போனாலே 4 சதவீதம். நான் தளர்வு நீளத்தை ஊகத்தோடு விடமாட்டேன். 30 டிகிரியில் கீழ்க்கால் எலும்பை 134 நியூட்டனால் முன்னே இழுத்து, எத்தனை மி.மீ. நகர்கிறது என்று சோதனை அளவோடு ஒப்பிட்டுத் திருத்துவேன்.

கீல்:
தளர்வு நீளத்தையும் வாய்பாட்டையும் மாற்றினேன், முழுக்க நீட்டினால் இப்போது 104 நியூட்டன். 90 டிகிரியில் கற்றை 1.7 மி.மீ. தொய்கிறது. அடுக்கு 3 மி.மீ. தடிமன், புள்ளிகளை மறுபடி குறிக்க வேண்டும். இன்னொன்று: உள்பக்க லிகமென்ட் எலும்புக்குள்ளேயே புகுந்து போகிறது!

அரைவட்டம்:
எலும்பின்மேல் ஒரு உருளை வைத்துச் சுற்றிப் போகவிடுங்கள். உருளையின் ஆரம் எவ்வளவு என்று முடிவு செய்வது தனிச் சண்டை.