இன்லைன் அசெம்ப்ளியில் 378 போர்ட்: லினக்ஸில் செக்மென்டேஷன் ஃபால்ட்

திருப்பூர்_நிட்டிங்:
வணக்கமுங்க. நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் ரிலே வழியா மோட்டாரை நிறுத்தற டர்போ சி புரோகிராம், டாஸில் நல்லா ஓடுது. பேரலல் (பிரிண்டர்) போர்ட்டோட ஹெக்ஸ் 378 முகவரிக்கு, சி-க்குள்ளேயே போட்ட அசெம்ப்ளி வரியால (இன்லைன் அசெம்ப்ளி) எழுதறேனுங்க. லினக்ஸுக்கு மாத்தி ஜிசிசியில் கம்பைல் பண்ணினா, அந்த வரி வந்ததும் செக்மென்டேஷன் ஃபால்ட்னு சொல்லி புரோகிராம் நின்னுருது. சூடோ (ரூட் உரிமை) போட்டாலும் அதேதானுங்க.

பீளமேடு_பட்டறை:
சூடோ மட்டும் பத்தாதுங்க. ரூட் ஆனாலும் புரோகிராம் ரிங் 3-லதான் (பிராசசரில் சாதாரண புரோகிராம்களுக்கான உரிமை நிலை) ஓடுது. அங்கே போர்ட்டுக்கு எழுதற அவுட் கட்டளையை பிராசசர் ஏத்துக்காது. மெயின் தொடங்கினதும் போர்ட் அனுமதி கேக்கற ஐஓபெர்ம் ஃபங்ஷனைக் கூப்பிட்டு ஹெக்ஸ் 378, 3, 1 (முதல் முகவரி, எத்தனை போர்ட், அனுமதி) கொடுங்க. 378 டேட்டா, 379 ஸ்டேட்டஸ், 37ஏ கன்ட்ரோல் மூணும் திறந்துக்கும். 0 திரும்புதான்னு கட்டாயம் பாருங்க. செக்யூர் பூட் ஆனில் இருந்தால் பல டிஸ்ட்ரோக்களில் கெர்னல் லாக்டவுன் (ரூட்டையும் கட்டுப்படுத்தற பாதுகாப்பு) இதைத் தடுத்துரும்.

அசெம்ப்ளி வரியும் மாறணும். அவுட் கட்டளையில், டர்போ சியில் போர்ட் முன்னால. ஜிசிசியில் மதிப்பு முன்னால, போர்ட் பின்னால. போர்ட் எண் போற டிஎக்ஸ் ரெஜிஸ்டரில் நீங்களா எண்ணை ஏத்தாதீங்க. கம்பைலர் அதில் வேற எதையாச்சும் வெச்சிருந்தா அது அழிஞ்சு, சம்பந்தமில்லாத இடத்தில் புரோகிராம் விழும். மதிப்புக்கு 'ஏ', போர்ட்டுக்கு 'டி' கன்ஸ்ட்ரெயின்ட் (எந்த ரெஜிஸ்டர்னு கம்பைலருக்குச் சொல்ற குறி) போதும். போர்ட்டை அன்சைன்ட் ஷார்ட்டா அறிவிங்க. இன்ட்டா இருந்தா டிஎக்ஸுக்குப் பதிலா ஈடிஎக்ஸ்னு கம்பைலர் எழுதி, அசெம்ப்ளர் பிழை காட்டும்.

பெருந்துறை_எலக்ட்ரானிக்ஸ்:
போர்ட்டைப் படிக்கிற அசெம்ப்ளி வரியில் வாலடைல்ங்கற சொல் இருக்கோணும். இல்லைன்னா ஓ2 ஆப்டிமைசேஷனில் கம்பைலர் 379-ஐ ஒரே தடவை படிச்சுட்டு லூப் முழுக்க அதையே வெச்சுக்கும். நூல் அறுந்தது தெரியவே தெரியாது. சென்சார் பின் 11-ல இருந்தா 7-ஆம் பிட் தலைகீழ்: பின் கிரவுண்டானா 1.

ரிலேயை போர்ட்டில் நேரா மாட்டாதீங்க. நடுவில் யூஎல்என்2003 டிரைவர் சிப் வைங்க. 8-ஆம் கால் கிரவுண்ட், 9-ஆம் கால் ரிலேயின் 12 வோல்ட். 9-ஐ விட்டா, ரிலே காயில் ஆஃப் ஆகறப்ப வர்ற வோல்டேஜ் உதைப்பு சிப்பைக் கொன்னுரும். கம்ப்யூட்டர் ஆன் ஆகறப்ப டேட்டா பின்கள் எந்த நிலையில் நிக்கும்னு நம்ப முடியாது. மோட்டார் கான்டாக்டருக்குத் தனி ஸ்டாப் பட்டன் அவசியம்.

திருப்பூர்_நிட்டிங்:
ஃபால்ட் நின்னுருச்சுங்க. ஆனா ரிலே தட்டலை, 379-ல எப்பவும் எஃப்எஃப்தான் (எல்லா பிட்டும் 1). போர்ட் தனியா சொருகின பிசிஐ கார்டில் இருக்குது.

பீளமேடு_பட்டறை:
அதுதான் காரணமுங்க. கார்டோட முகவரி 378 இல்லை. ஆளில்லாத போர்ட்டில் எழுதினா பிழை வராது, படிச்சா எஃப்எஃப் வரும். ப்ராக் ஃபோல்டர் அடியில் ஐஓபோர்ட்ஸ் ஃபைலை சூடோவோட திறந்து பார்போர்ட் (பேரலல் போர்ட்) வரியைப் பாருங்க. சூடோ இல்லாம பார்த்தா வெறும் பூஜ்யமா காட்டும். அங்கே இருக்கற முகவரியை ஐஓபெர்மிலும் அசெம்ப்ளி வரியிலும் போடுங்க.