வேனில் வந்து டயர் மாற்றுகிறார்களாம்: கூப்பிடலாமா, கடைக்கே போகலாமா?

நாலுசக்கரம்:
காரில் நாலு டயரும் முடிந்துவிட்டன. தரையில் படும் பட்டன் தேய்ந்து, பள்ளத்துக்குள் இருக்கும் 1.6 மி.மீ. அடையாளக் கட்டையோடு சமமாகிவிட்டது. மெஷினோடு வேனில் அலுவலகத்துக்கே வந்து மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். லீவு போட வேண்டாம், கடையில் காத்துக் கிடக்க வேண்டாம். ஆனால் வேலை கடையில் செய்வது மாதிரி இருக்குமா?

பட்டறைவாசி:
இருக்காது. பழைய டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் என்றால் காற்று குறைவு. ஒரே ஓரம் என்றால் பெரும்பாலும் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், தப்பியிருக்கும். அங்கங்கே மேடு பள்ளமாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர் வரைக்கும் சந்தேகப்பட வேண்டும். லிஃப்டில் ஏற்றினால்தான் சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட், புஷ் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்க்க முடியும். வேன்காரர் ஒரு மூலையில் ஜாக்கி வைப்பார், மாட்டுவார், போய்விடுவார். கோளாறு வண்டியிலேயே இருக்கும். புது டயரையும் அது தின்னும்.

வேன்வேலை:
நான் அப்படி ஒரு வேனில்தான் வேலை பார்க்கிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டயர் கழற்றும் மெஷின், சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமமாக்கும் பேலன்சிங் மெஷின், கம்ப்ரஸர் மூன்றும் வண்டியிலேயே இருக்கின்றன. அலைன்மென்ட் எங்களால் முடியாது, அதை மறைக்கவும் இல்லை. ஓரம் தேய்ந்திருந்தால் யார் கண்ணுக்கும் தெரியும், அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவோம். இன்னொன்று, காற்றை டயர் ஆறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். கடைக்கு ஓட்டி வந்த டயர் சூட்டில் 3, 4 பிஎஸ்ஐ கூடக் காட்டும்.

பட்டறைவாசி:
//கடைக்கு ஓட்டி வந்த டயர் சூட்டில்//
நாலும் புதுசு என்கிறார். புது டயர் கடையில் மட்டும் சூடாகவா இருக்கிறது? சரி, அதை விடுங்கள், தரைக்கு வாருங்கள். வீட்டு வாசல் என்றால் சரிவு, மண், டைல்ஸ். ஆடத் தெரியாதவனுக்கு மேடை கோணல் என்பார்கள். இங்கே மேடையே நிஜமாகக் கோணல். அடுத்த இடத்துக்கு நேரமாகிறது என்று நட்டு முடுக்கும் கன்னை வைத்து அளவில்லாமல் அடித்து இறுக்கிவிட்டுப் போவதும் நடக்கிறது. பிறகு ஒருநாள் பஞ்சரானால், வண்டியில் இருக்கும் ஸ்பேனர் மேல் ஏறி நின்றாலும் கழறாது.

வேன்வேலை:
கன் அடிப்பது கடையிலும்தான் நடக்கிறது. சரிவில் ஜாக்கி வைக்கவே மாட்டோம், வண்டியைச் சமதளத்துக்கு நகர்த்தச் சொல்வோம். மண் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் தட்டு, மற்ற சக்கரத்துக்குக் கட்டை. நட்டைக் கையால் ஏற்றி, எதிரெதிராக இறுக்கி, சக்கரம் தரையில் பட்ட பிறகு அளவு வைத்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் முடிக்க வேண்டும். அளவு கார் கையேட்டில் இருக்கும். பெரும்பாலான கார்களுக்கு 90 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் வரும். அந்த அளவு வந்ததும் ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு 'க்ளிக்' கேட்கும். உங்கள் வாசலில் அது உங்கள் காதிலேயே விழும். கடையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்குமா?

இரவுப்பணி:
இரண்டு பேரும் நாலு புது டயரைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. காலையில் கீழே வந்தால் ஒரு டயர் தரையோடு கிடக்கிறது, ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. பட்டறைவாசி அண்ணா, உங்கள் லிஃப்டுக்கு நான் எப்படி வருவது? அப்படியே உருட்டிக்கொண்டு வந்தால் டயரோடு ரிம்மும் போய்விடும்.

பட்டறைவாசி:
அதற்கு வேன் வரட்டும்மா, நான் தடுக்கவில்லை. பஞ்சரை எப்படிப் போடுகிறார்கள் என்று மட்டும் கூடவே நின்று பாருங்கள். ஆணியைப் பிடுங்கி, வெளியிலிருந்தே ஊசியால் ரப்பர் திரியைச் செருகி, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது என்பார்கள். காற்று இல்லாமல் கொஞ்ச தூரம் ஓடிய டயரைக் கழற்றி உள்ளே கையை விட்டால்தான் விஷயம் தெரியும். டயரின் பக்கச்சுவர், அதாவது சைடுவாலின் உள்பக்கம் சுற்றிலும் ஒரு பட்டை நசுங்கியிருக்கும். தாளில் ரப்பர் வைத்து அழித்த பிறகு கிடக்குமே, அந்த மாதிரி கருப்புத் தூள் விரலில் ஒட்டும். வெளியே பார்த்தால் டயர் நன்றாகவே இருக்கும். அதில் திரி போட்டுக் காற்றடித்து அனுப்பினால் வேகத்தில் போகும்போது சைடுவால் கிழிந்துவிடும். ரிம்மிலிருந்து கழற்றி, உள்ளே சோதித்து, காளான் வடிவப் பேட்சை உள்ளிருந்து ஒட்டுவதுதான் முறை. அதுவும் பட்டன் பகுதியில், 6 மி.மீ.க்குள் ஓட்டை இருந்தால் மட்டும். சைடுவாலில் ஆணி ஏறினால் பேச்சே இல்லை, புது டயர்தான்.

வேன்வேலை:
இதில் சண்டையே இல்லையே. கழற்றும் மெஷின் கூடவே வரும்போது ஏன் வெளியிலிருந்து குத்தப் போகிறோம்? தோளில் ஒரு பையோடு பைக்கில் வருபவரையும் எங்களையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

ஸ்டெப்னி:
எனக்கு ஒரே சந்தேகம். வேன் தளத்தில் நிற்கும் பேலன்சிங் மெஷினை நம்பலாமா? தளம் ஆடினால் அளவு தப்பாதா?

பட்டறைவாசி:
தப்பும். சோதிக்க வழி இருக்கிறது. எடைக்கு ஈயம் ஒட்டி, இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டிய பிறகு, சக்கரத்தை மெஷினில் பிடித்திருக்கும் கோனைத் தளர்த்தி, சக்கரத்தை மட்டும் அரைச் சுற்று திருப்பி மாட்டி மறுபடி சுற்றச் சொல்லுங்கள். அப்போதும் பூஜ்யத்தை ஒட்டியே நின்றால் சரி. 20, 25 கிராம் என்று தாவினால் சக்கரம் நடுவில் உட்காரவில்லை. கடையிலும் இதைக் கேட்கலாம், கொஞ்சம் முறைப்பார்கள்.

நாலுசக்கரம்:
அப்படியென்றால் வேனையே கூப்பிடுகிறேன், அலைன்மென்டுக்குத் தனியாகப் போய்க்கொள்கிறேன். எங்கள் அலுவலகத்தில் பார்க்கிங் தரைக்கு அடியில் இருக்கிறது, பரவாயில்லையா?

வேன்வேலை:
அங்கே வேண்டாம். உயரத்தில் வேன் முட்டும். நுழைந்தாலும், இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டால் புகை மூடிய இடத்தில் தேங்கும், அது உயிருக்கே ஆபத்து. மேலே திறந்த இடத்தில், பக்கத்தில் ஒரு வண்டி அகலம் காலியாக விட்டு நிறுத்துங்கள். செக்யூரிட்டியிடம் முன்னாடியே சொல்லி வையுங்கள்.

பட்டறைவாசி:
மாட்டுவதற்கு முன்னால் சைடுவாலில் கடைசி நாலு இலக்கத்தையும் படியுங்கள். 0824 என்றால் 2024-இல் 8-ஆவது வாரம் செய்தது. கடையில் என்றால் வேறு எடுத்துக் காட்டச் சொல்லலாம். வேனில் வந்ததுதான் வரும். 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை சரிபார்க்க வேண்டும், அதற்கும் அவர்கள் திரும்பி வருவார்களா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

வேன்வேலை:
கேளுங்கள், தப்பில்லை. அலாய் வீலில் திருட்டைத் தடுக்கும் லாக் நட் இருந்தால் அதன் சாவியைத் தேடி எடுத்து வையுங்கள். அது இல்லாமல் நாங்கள் வந்து நின்றால் ஒரு சக்கரத்தைக்கூட கழற்ற முடியாது.